நான்கு தாள்கள், வராத ஐந்தாவது தாள்: கணினி மாஸ்டர்ஸா, கணித மாஸ்டர்ஸா, பிஎச்டியா?

டிசம்பர் விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அக்கா மகள் மடிக்கணினியோடு வந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் நான்கு தாள்களைப் பரப்பினாள். இங்கே சிங்கப்பூரில், உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் கணினியியல் நான்காம் ஆண்டு படிக்கிறாள். இன்னும் ஒரு செமஸ்டர்தான் பாக்கி. ஒவ்வொரு தாளிலும் ஒரு படிப்பு, அதற்கான சேர்க்கைத் தகுதி, கட்டணம்.

"சித்தி, இந்த நாலுல எதுல ஈஸியா இடம் கிடைக்கும்னு மட்டும் சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

"இடம் கிடைச்சு என்ன பண்ணப் போற?"

"உங்கள மாதிரி யூனில பாடம் எடுக்கணும்."

நான் பல்கலைக்கழகத்தில் கணிதமும் கணினியியலும் கற்பிக்கிறேன். முதலாண்டுக்கு லீனியர் அல்ஜீப்ரா, இரண்டாம் ஆண்டுக்கு அல்காரிதம். செப்டம்பர் பிறந்தால் பரிந்துரைக் கடிதம் கேட்டு மாணவர்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். அவர்களும் இப்படித்தான், தகுதிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கதவு இலேசாகத் திறக்கும் என்று பார்ப்பார்கள். பதினைந்து ஆண்டுகளாக இந்த விண்ணப்பங்களைப் பார்த்து எனக்குப் புரிந்தது ஒன்று உண்டு. பட்டியலில் எத்தனை வரி இருந்தாலும், விண்ணப்பத்தைப் படிக்கும் சேர்க்கைக் குழு தேடுவது ஒன்றைத்தான்: கடினமான ஒன்றை இந்தப் பிள்ளை தானாக உட்கார்ந்து யோசித்திருக்கிறதா, அதை யாராவது அருகில் இருந்து பார்த்திருக்கிறார்களா? நான்கு தாள்களையும் நான் அந்தக் கண்ணோடுதான் ஒப்பிட்டேன். அவளுக்குச் சொன்னதையும், அவளைப் போல யோசிக்கும் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

தாள்கள் இவை. ஒன்று, இங்கேயே பாடவழி (ஆய்வு இல்லாமல் வகுப்பும் தேர்வுமாக முடிக்கும்) கணினியியல் மாஸ்டர்ஸ். இரண்டு, கணித மாஸ்டர்ஸ். மூன்று, நேரடியாகப் பிஎச்டி. நான்கு, வேலைக்குப் போய்க்கொண்டே அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் நடத்தும் இணையவழி கணினியியல் மாஸ்டர்ஸ்.

தாள்களை ஓரமாக வைத்துவிட்டு மதிப்பெண் பட்டியலைக் காட்டச் சொன்னேன். சராசரி ஐந்துக்கு 3.82. இங்கே 3.50 தாண்டினால் பட்டத்தின் தரம் ஹானர்ஸ் மெரிட், 4.00 தொட்டால் டிஸ்டிங்ஷன், 4.50 தொட்டால் ஹையஸ்ட் டிஸ்டிங்ஷன். 3.82 கெட்ட எண் இல்லை. ஆனால் என் கண் முதலாண்டுப் பகுதியில் நின்றுவிட்டது. கால்குலஸ்: எஸ். லீனியர் அல்ஜீப்ரா: எஸ்.

தெரியாதவர்களுக்காக: இங்குள்ள பல்கலைக்கழகங்களில் குறிப்பிட்ட சில பாடங்களின் கிரேடை மறைத்துக்கொள்ளும் வசதி உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில், சி அல்லது அதற்கு மேல் வாங்கியிருந்தால் பட்டியலில் 'எஸ்' என்று மட்டும் வரும், சராசரியில் சேராது. புதிதாக வரும் பிள்ளைகள் பயமில்லாமல் படிக்கட்டும் என்று செய்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் கணித மாஸ்டர்ஸுக்கு வரும் விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு அந்த எஸ் ஒரு மூடிய பெட்டி. உள்ளே சி இருக்கிறதா, ஏ இருக்கிறதா என்று அவருக்குத் தெரியாது. சந்தேகம் வந்தால் அவர் சி என்றே எடுத்துக்கொள்வார்.

"லீனியர் அல்ஜீப்ராவுல என்ன வாங்கின?"

"பி பிளஸ். முதல் செமஸ்டர்ல 4.5 வரும்னு நெனச்சேன் சித்தி, அதான் மறைச்சேன்."

பி பிளஸ் என்றால் ஐந்துக்கு 4.0. அவளுடைய இன்றைய சராசரியைவிட அது அதிகம். மறைக்காமல் விட்டிருந்தால் சராசரியும் ஒரு துளி ஏறியிருக்கும், கணிதத் துறைக்குக் காட்ட ஒரு கிரேடும் இருந்திருக்கும். பதினெட்டு, பத்தொன்பது வயதில் யாருக்கும் இது தோன்றாது. வீட்டில் முதலாண்டுப் பிள்ளை இருந்தால் இப்போதே சொல்லிவையுங்கள்: மேற்படிப்புக்கு வாய்ப்பிருக்கிறது என்றால் கணிதப் பாடங்களில் அந்த வசதியைத் தொடாதே.

சரி, முதல் தாள். பாடவழி கணினி மாஸ்டர்ஸுக்கு இங்கே தெரிவுகள் நிறைய. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் மாஸ்டர் ஆஃப் கம்ப்யூட்டிங் உண்டு. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல், சைபர் பாதுகாப்பு என்று தனித்தனியாக உண்டு. அங்கே கணினித் துறையே 2024-ல் கணினி, தரவு அறிவியலுக்கான தனிக் கல்லூரியாகிவிட்டது. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் படிப்பு வணிகத்தோடு சேர்ந்தது. கட்டணம் ஐந்திலக்க வெள்ளி, பெரும்பாலும் சொந்தக் காசு. நான்காண்டு கணினியியல் படித்து முடிக்கப்போகும் ஒரு பிள்ளை அவ்வளவு காசைப் போட்டு, படித்ததன் அடுத்த படியை இன்னும் ஓராண்டு படிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அவளுடைய ஆசைக்கும் அது உதவாது. பாடம் கேட்டு, தேர்வு எழுதி வெளியே வருவாள். தனியாக யோசித்ததற்குப் புதிதாக எந்த அத்தாட்சியும் சேராது.

ஆனால் இதே தாளை எங்கள் அடுக்குமாடி புளோக்கில் இருக்கும் தம்பி கொண்டுவந்திருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். தமிழ்நாட்டில் மெக்கானிக்கல் பி.இ. முடித்து, இங்கே வந்து ஏழாண்டாக மென்பொருள் எழுதுகிறார். வேலை தெரியும், டேட்டா ஸ்ட்ரக்சரையும் ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் முறையாகப் படித்ததில்லை. அவருக்கு அந்தக் காசு வீண்போகாது. நான்காண்டு பி.இ. என்பதால் அடிப்படைத் தகுதியிலும் பெரிய சிக்கல் வராது. மூன்றாண்டு பி.எஸ்சி. மட்டும் வைத்திருப்பவர்களுக்குத்தான் 'ஹானர்ஸ் பட்டம் தேவை' என்ற வரி தடையாக நிற்கும். அதற்கு மேல் எம்.எஸ்சி.யோ எம்.சி.ஏ.வோ இருந்தால் நிலைமை வேறு. இவர்கள் எல்லாருக்கும் இரண்டு வார்த்தை. உங்கள் பத்துக்கு 7.8 என்பதை நீங்களாக நான்குக்கோ ஐந்துக்கோ மாற்றி எழுதாதீர்கள். உள்ளதை உள்ளபடி எழுதி, மதிப்பெண் முறையை விளக்கும் பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். அப்புறம், டிரான்ஸ்கிரிப்டுக்கு இன்றே விண்ணப்பியுங்கள். நான் தமிழ்நாட்டில் எம்.எஸ்சி. முடித்து இங்கே பிஎச்டிக்கு விண்ணப்பித்தபோது, படித்த இடத்திலிருந்து முத்திரையிட்ட உறை வந்து சேர நான்கு மாதம் ஆனது. அந்த ஆண்டுச் சேர்க்கை கைநழுவிப் போயிற்று. இன்றும் நினைத்தால் மனசு வலிக்கிறது.

தேர்வுகளைப் பற்றி எல்லாரும் அதிகம் கவலைப்படுகிறார்கள். அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ பொதுத் தேர்வு 2023 செப்டம்பரிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. மதிப்பெண் ஐந்தாண்டு செல்லும். அதன் கணிதப் பகுதி பள்ளிக் கணக்குதான், கால்குலஸ்கூடக் கிடையாது. கணிதமோ கணினியோ படித்தவர் 170-க்கு 168 வாங்கினால் குழு ஆச்சரியப்படாது. 158 வாங்கினால்தான் யோசிக்கும். கணிதத்துக்கென்று தனியாக ஒரு ஜிஆர்இ உண்டு, அதில் பாதி கால்குலஸ். அமெரிக்கக் கணிதப் பிஎச்டிக்குப் போகிறவர்கள் அதைப் பார்க்க வேண்டும். கணினியியலுக்கு இருந்த தனித் தேர்வை 2013-லேயே நிறுத்திவிட்டார்கள். இந்தியாவின் மேற்படிப்பு நுழைவுத் தேர்வான கேட் மதிப்பெண் மூன்றாண்டு செல்லும். ஆங்கிலத் தேர்வான ஐஈஎல்டிஎஸ் இரண்டே ஆண்டு. ஆக ஜிஆர்இயை முன்கூட்டியே எழுதி வைக்கலாம், ஐஈஎல்டிஎஸ்ஸைக் கடைசியில் எழுதினால் போதும். உள்ளூர்ப் பட்டதாரிகளுக்கு இங்கே பல துறைகளில் ஜிஆர்இ விலக்கு உண்டு. விண்ணப்பிக்கும் ஆண்டில் அந்தத் துறையின் பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் விதி. சீனியர் சொன்னார் என்று நம்பி உட்காராதீர்கள்.

இரண்டாம் தாளுக்கு வந்தோம். கணினியா கணிதமா என்று எங்கள் துறையில் தடுமாறும் பிள்ளைகளுக்கு நான் ஒரே ஒரு கணக்குதான் கொடுப்பேன். அவளுக்கும் கொடுத்தேன்.

எட்டுப் பேரை உயர வரிசையில் நிறுத்த வேண்டும். அளவுகோல் கிடையாது. ஒரு தடவைக்கு இரண்டு பேரை முதுகோடு முதுகு நிறுத்தி, யார் உயரம் என்று பார்க்கலாம். எந்த எட்டுப் பேர் வந்தாலும் சரியாக முடிய, எத்தனை தடவை பார்த்தால் போதும்?

அவள் பேனாவை எடுத்தாள். இரண்டிரண்டாகப் பிரித்து, நான்காகச் சேர்த்து, எட்டாகச் சேர்த்தாள். கணினியியலில் மெர்ஜ் சார்ட் என்று சொல்லும் முறை. மூன்று நிமிடத்தில் விடை வந்துவிட்டது: மிக மோசமான வரிசை வந்தாலும் 17 தடவை போதும். சரியான விடை. கணினி மாணவர்கள் பெரும்பாலும் இங்கே பேனாவை மூடிவிடுவார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. போதுமான நல்ல வழி கிடைத்தால் அதை எழுதி ஓடவைத்துவிட்டு அடுத்ததுக்குப் போவது ஒரு நல்ல பொறியாளரின் குணம்.

நான் தாளின் ஓரத்தில் இரண்டு எண்களை எழுதினேன். எட்டுப் பேர் நிற்கக்கூடிய வரிசைகள் மொத்தம் 40,320. ஒவ்வொரு தடவையும் கிடைப்பது 'இவர்' அல்லது 'அவர்' என்ற இரண்டு பதில்தான். 15 தடவை கேட்டால் பதில்கள் அமையக்கூடிய விதங்கள் 32,768. 40,320 வரிசைகளை 32,768 பதில்களால் பிரித்துக் காட்ட முடியாது. ஆகவே எவ்வளவு கெட்டிக்காரர் வந்தாலும் 15-ல் முடிக்க முடியாது. 16-க்குக் கீழே வழியே கிடையாது.

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அவள் அந்த இரண்டு எண்களையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் மெல்லக் கேட்டாள்: "அப்போ 16-ல முடியுமா முடியாதா? 17-க்கும் 16-க்கும் நடுவுல யாரு சித்தி தீர்ப்பு சொல்றது?"

முடியும். ஃபோர்டு, ஜான்சன் என்ற இருவர் 1959-ல் வெளியிட்ட முறையில் எட்டுப் பேருக்கு 16 போதும். அந்த விவரம் இப்போது முக்கியமில்லை. அந்த ஓர் எண் இடைவெளி அவளை உறுத்தியதே, அதுதான் எனக்கு முக்கியம். அது உறுத்துகிறவர்கள் கணிதத்தின் பக்கம், அல்லது கணினியியலின் கோட்பாட்டுப் பக்கம் வர வேண்டியவர்கள்.

அதற்காக உடனே கணித மாஸ்டர்ஸுக்கு விண்ணப்பிக்கலாமா என்றால், இந்த ஆண்டு வேண்டாம் என்றேன். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கணித மாஸ்டர்ஸ் பாடவழியிலும் உண்டு, ஆய்வுவழியிலும் உண்டு. கணினியியல் பட்டதாரிக்குக் கதவு மூடியிருக்காது; ஆனால் பட்டியலில் ரியல் அனாலிசிஸ் (கால்குலஸை நிறுவலோடு படிக்கும் பாடம்) இருக்கிறதா, அருவ இயற்கணிதம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இவளிடம் இருப்பது டிஸ்கிரீட் மேத்தமேடிக்ஸ் ஏ மைனஸ், அல்காரிதம் ஏ, மற்றபடி இரண்டு மூடிய பெட்டிகள். ரியல் அனாலிசிஸ் இல்லாமல் முதுகலை வகுப்பில் உட்கார்ந்தால் முதல் வாரமே தெரிந்துவிடும். தொடர்ச்சி என்பதற்கும் சீரான தொடர்ச்சி என்பதற்கும் உள்ள வித்தியாசம், ஒரு வாக்கியத்தில் 'ஒவ்வொரு' என்ற சொல் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பதில் இருக்கிறது. வாக்கியத்தை அப்படி நிறுத்தி நிறுத்திப் படிக்கும் பழக்கம் ஒரு செமஸ்டர் முழுக்கத் தப்புத் தப்பாக எழுதித் திருத்திய பிறகுதான் வரும்.

கணித ஆசிரியர்களுக்கு இந்தத் தாளில் தனி வழி ஒன்று உண்டு. பள்ளியிலோ தொடக்கக் கல்லூரியிலோ கற்பிப்பவர்கள், தேசியக் கல்விக் கழகத்தில் கல்வியாளர்களுக்கென்றே உள்ள கணித எம்.எஸ்சி.யைப் பாருங்கள். கணிதத்தையும் விடாமல், வகுப்பறையையும் விடாமல் படிக்கலாம்.

நான்காம் தாளை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் சொல்ல நல்லதே அதிகம். ஜார்ஜியா டெக்கின் இணையவழிப் படிப்பு 2014-ல் தொடங்கியது. பத்துப் பாடங்கள். மொத்தச் செலவு 10,000 அமெரிக்க டாலருக்குள் அடங்கிவிடும். ஜிஆர்இ கேட்பதில்லை. பட்டத்தில் இணையவழி என்று போடுவதும் இல்லை. தகுதி இருப்பவர்களைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்வார்கள். வடிகட்டுவது உள்ளே போன பிறகு. முதல் ஓராண்டுக்குள் இரண்டு அடிப்படைப் பாடங்களில் பி அல்லது அதற்கு மேல் வாங்க வேண்டும். அட்லாண்டாவுக்கும் நமக்கும் 12 மணி நேரம், அங்கே குளிர்காலத்தில் 13 மணி நேரம் வித்தியாசம். அங்கே பகல் பன்னிரண்டுக்கு ஆசிரியர் கேள்வி பதிலுக்கு உட்கார்ந்தால் இங்கே நள்ளிரவு. வேலை, குடும்பம் இரண்டையும் வைத்துக்கொண்டு இதை முடித்தவர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை. மெக்கானிக்கல் தம்பிக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான். இங்குள்ள கட்டணத்தை அதற்குப் பிறகு யோசிக்கட்டும். இவளுக்கு மட்டும் இது பொருந்தவில்லை. நூற்றுக்கணக்கானோர் படிக்கும் இணைய வகுப்பில் ஏ வாங்கலாம். ஆனால் நாளைக்குப் பிஎச்டிக்குப் பரிந்துரைக் கடிதம் எழுத, அவளை அறிந்த ஆசிரியர் அங்கே கிடைப்பது அரிது.

கடிதம் என்று சொன்னேன் அல்லவா, அதுதான் மூன்றாம் தாளின் உயிர்.

பல்கலைக்கழகத்தில் நிலையாகக் கற்பிக்க வேண்டும் என்றால் பிஎச்டிதான் வழி. மாஸ்டர்ஸோடு பயிற்றுநர் வேலை கிடைக்கலாம். பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் மாஸ்டர்ஸும் தொழில் அனுபவமும் இருப்பவர்கள் மிக நன்றாகக் கற்பிக்கிறார்கள். பல்கலைக்கழகம் என்று ஆசைப்பட்டால் இந்தத் தாளைத் தவிர்க்க முடியாது. நல்ல விஷயம் என்னவென்றால் சிங்கப்பூரில் நல்ல ஹானர்ஸ் இருந்தால் மாஸ்டர்ஸ் இல்லாமலே பிஎச்டியில் சேரலாம். ஆய்வு உபகாரச் சம்பளம் கிடைத்தால் கட்டணமும் போய், மாதம் கைச்செலவுக்கும் வரும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு 'சிங்கா' என்ற பிஎச்டி உபகாரச் சம்பள விருது இருக்கிறது. பாடவழி மாஸ்டர்ஸுக்குக் கடன் வாங்கும் குடும்பங்கள் பலவற்றுக்கு இது தெரிவதே இல்லை. பெரிய படிப்புக்குத்தான் பெரிய செலவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே அது தலைகீழ்.

ஆனால் குழு கையில் எடுப்பது கடிதத்தை. அந்தப் படிவத்தை நான் ஆண்டுக்கு முப்பது தடவை நிரப்புகிறேன். முதல் கேள்வி: இவரை எத்தனை காலமாக, எந்த வகையில் அறிவீர்கள்? அதன் கீழே கட்டங்கள்: நான் பார்த்த மாணவர்களில் முதல் 5 விழுக்காடு, முதல் 10, முதல் 25. அதன் கீழே வெற்றிடம், அதுதான் கடிதம். முந்நூறு பேர் உட்காரும் அரங்கில் ஏ வாங்கிய பிள்ளைக்கு அந்த வெற்றிடத்தில் என்னால் மூன்று வரிக்கு மேல் எழுத முடிவதில்லை. எழுதினால் பொய்யாகிவிடும். ஒரு முறை ஒரு மாணவர், என் பயிற்சித்தாளின் ஏழாம் கணக்கில் நான் கொடுத்த நிறுவல் ஓர் இடத்தில் உடைகிறது என்று சொல்லி வந்தார். அவர் காட்டிய இடம் சரி. அவர் சொன்ன திருத்தம் தவறு. மறுவாரம் வேறு திருத்தத்தோடு வந்தார், அதுவும் தவறு. நான்காம் தடவை சரியாக வந்தது. அவருடைய கிரேடு பி பிளஸ். அவருக்கு நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன், ஒரு பெயரடையும் தேவைப்படவில்லை. நான்கு வாரமும் நடந்ததை அப்படியே எழுதினேன். அவருக்கு இடம் கிடைத்தது.

"உன்னைப் பத்தி ஒன்றரைப் பக்கம் எழுத யார் இருக்காங்க?" என்று கேட்டேன். இறுதியாண்டு ஆய்வுத்திட்டத்தின் மேற்பார்வையாளரைச் சொன்னாள். வாரம் ஒரு முறை சந்திக்கிறார்கள். கிராஃப் அல்காரிதம் பற்றிய வேலை. ஒருவர் இருக்கிறார். இன்னும் இரண்டு பேர் வேண்டும். 3.82-ஐ வைத்துக்கொண்டு ஒரே ஒரு வலுவான கடிதத்தோடு இந்த ஆண்டு பிஎச்டிக்குப் போட்டால், கிடைக்காது என்று நான் சொல்ல மாட்டேன்; ஆனால் நான் அந்தக் குழுவில் இருந்தால் தயங்குவேன்.

அதனால்தான் அவள் கொண்டுவராத ஐந்தாவது தாளை எடுத்து நானே எழுதினேன்: ஓராண்டு ஆய்வு உதவியாளர் வேலை. பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் தங்கள் ஆய்வு நிதியிலிருந்து பட்டதாரிகளை எடுப்பார்கள். சம்பளம் உண்டு, தனியார் நிறுவனம் கொடுப்பதைவிடக் குறைவு. மேலிருந்து பார்த்தால் படிப்பும் இல்லை, பதவியும் இல்லை. உறவினர் கேட்டால் சொல்லிக்கொள்ளப் பெயரும் இல்லை. அக்கா தொலைபேசியில் இதைக் கேட்டதும், "ஒரு வருசம் சும்மா போகுதேடி" என்றாள். சும்மா போகாது அக்கா என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்த ஓராண்டில் அவளோடு தினமும் வேலை செய்யும் இரண்டு பேர் கிடைப்பார்கள். ஒரு கட்டுரையில் பெயர் வரலாம், வராமலும் போகலாம். நான்காண்டு ஒரே கேள்வியோடு உட்கார முடியுமா என்று அவளுக்கே தெரிந்துவிடும். முடியாது என்று தெரிந்தாலும் நஷ்டமில்லை. நான்காம் தாள் அப்போதும் அங்கேயேதான் இருக்கும், வேலையில் சேர்ந்துகொண்டு அதைத் தொடங்கலாம். முடியும் என்றால் மறு ஆண்டு மூன்று கடிதங்களோடு பிஎச்டிக்குப் போவாள்.

மாலை ஆறு மணிக்கு முதல் தாளை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டாள். இரண்டாவதையும் நான்காவதையும் பைக்குள் வைத்தாள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "16-ஐ எப்படிப் பண்ணாங்கன்னு சொல்லாதீங்க சித்தி, நானே பாக்கிறேன்" என்றாள்.

கடைசி செமஸ்டரில் அவளுக்கு ஒரு விருப்பப்பாட இடம் மீதம் இருந்தது. சுலபமான ஏதாவது எடுத்துச் சராசரியை ஏற்றிக்கொள்ளத்தான் வைத்திருந்தாள். சென்ற வாரம் அதில் ரியல் அனாலிசிஸைப் பதிவு செய்துவிட்டுச் செய்தி அனுப்பினாள். கிரேடை மறைக்கப் போவதில்லை என்றும் எழுதியிருந்தாள்.